வீட்டுப் பத்திரத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும்: கலிஃபோர்னியாவில் க்விட்க்ளைம் டீட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரீமான்ட்டிலோ சன்னிவேலிலோ சான் ரமோனிலோ வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களில் இது மிகச் சாதாரணம்: கடன் ஒருவர் பெயரில், பத்திரமும் அவர் பெயரில் மட்டும். மற்றவர் அப்போது எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கானது) இருந்திருப்பார். சம்பளம் கிடையாது, கிரெடிட் ஹிஸ்டரி கிடையாது. "இப்போதைக்கு ஒரே பெயரில் இருக்கட்டும், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்" என்று லோன் ஆபீசர் சொல்லியிருப்பார். அந்த அப்புறம் வருவதற்குள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள்.

இப்போது இருவர் பெயருக்கும் மாற்ற வேண்டும் என்பவர்களுக்காக இந்தப் பக்கம். காகிதம் ஒரு பக்கம்தான். ஆனால் அதில் பெயர்களுக்குப் பின்னால் வரும் அரை வரி, வீட்டின் மதிப்பில் லட்சக்கணக்கான டாலர் வித்தியாசத்தை உண்டாக்கக்கூடியது. அதை யோசிக்காமல் இணையத்தில் கிடைக்கும் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்பதுதான் இங்கே முக்கியமாகச் சொல்ல வருவது. பதில்கள் கலிஃபோர்னியா சட்டத்தை வைத்து எழுதப்பட்டவை. மற்ற மாநிலங்களைப் பற்றிக் கடைசிப் பகுதியில் கொஞ்சம் இருக்கிறது.

க்விட்க்ளைம் டீட் என்றால் என்ன?

"இந்தச் சொத்தில் எனக்கு இருக்கிற உரிமை எதுவானாலும் அதை இவருக்கு விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதித் தரும் பத்திரம். எழுதித் தருபவருக்கு முழு வீடும் சொந்தமென்றால் முழு வீடும் போகும். பாதி என்றால் பாதி. ஒன்றுமே இல்லையென்றால் ஒன்றும் போகாது. "சொத்து என்னுடையதுதான், வில்லங்கம் எதுவும் இல்லை" என்ற உத்தரவாதம் இதில் கிடையாது. அதனால் முன்பின் தெரியாதவரிடம் வீடு வாங்கும்போது இதை யாரும் ஏற்பதில்லை. ஒரே வீட்டில் வாழும் கணவன் மனைவிக்குள் அந்த உத்தரவாதத்தின் தேவை குறைவு என்பதால் இது புழக்கத்தில் இருக்கிறது.

நம்மூர் விடுதலைப் பத்திரத்தோடு இதை ஒப்பிடுகிறவர்கள் உண்டு. அங்கே விடுதலைப் பத்திரம் ஏற்கெனவே பங்கு உள்ள இன்னொருவருக்கு எழுதித் தருவது; பங்கே இல்லாத மனைவிக்குக் கொடுக்க செட்டில்மென்ட் போடுவோம். இங்கே அந்தப் பிரிவினை இல்லை. வீட்டில் எந்தப் பங்கும் இல்லாதவருக்கும் க்விட்க்ளைம் எழுதலாம்.

வீடு வாங்கிய அன்று எஸ்க்ரோவில் (பணத்தையும் பத்திரத்தையும் நடுவில் வைத்துக் கைமாற்றும் இடம்) என் மனைவியிடமும் ஏதோ ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அது என்ன?

பெரும்பாலும் அதுவும் ஒரு க்விட்க்ளைம் டீட், அல்லது இன்டர்ஸ்பவுஸல் ட்ரான்ஸ்ஃபர் டீட். கலிஃபோர்னியாவில் திருமணமான பிறகு சம்பாதித்த பணத்தில் வாங்கும் சொத்து கம்யூனிட்டி ப்ராபர்ட்டி, அதாவது இருவருக்கும் பொதுவான குடும்பச் சொத்து. பத்திரத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும் மற்றவருக்குப் பாதி உண்டு. கடன் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும்போது, "இந்த வீட்டில் எனக்கு உரிமை இல்லை" என்று மற்றவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது கடன் கொடுப்பவர்களும், சொத்தின் உரிமையைச் சரிபார்த்துக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனிகளும் செய்கிற வழக்கம். அந்தக் கையெழுத்தின்படி வீடு கணவரின் தனிச் சொத்தாக ஆகியிருக்கக்கூடும்.

நூறு பக்கக் கட்டில் ஒன்றாக வந்த அந்தக் காகிதத்தை, நோட்டரி விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்ட பெண்கள் ஏராளம். சட்டப்படி சம்பந்தப்பட்டவர்கள் யாரும் அவர்களை ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அது என்ன செய்கிறது என்று உட்கார வைத்து யாரும் விளக்கியிருக்கவும் மாட்டார்கள். இன்றைக்கே உங்கள் எஸ்க்ரோ ஃபைலை எடுத்துப் பாருங்கள். அதில் இல்லையென்றால், பத்திரங்களைப் பதியும் கவுன்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். பத்திரத்தில் உங்கள் பெயருக்குப் பின் "அ மேரீட் மேன், அஸ் ஹிஸ் சோல் அண்ட் செபரேட் ப்ராபர்ட்டி" என்று இருந்தால், மனைவியின் பெயரைத் திரும்பச் சேர்ப்பது தள்ளிப்போடும் வேலை இல்லை.

சேர்க்காமல் விட்டால் அவருக்கு ஒன்றுமே கிடைக்காதா?

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒருவரின் தனிச் சொத்தாக இருக்கும் வீட்டுக்குத் திருமண வாழ்க்கையின்போது வந்த சம்பளத்திலிருந்து கடனின் அசலைக் கட்டியிருந்தால், அந்த விகிதத்துக்குக் குடும்பத்துக்கு ஒரு பங்கு உண்டு என்று 1980-லும் 1982-லும் வந்த இரண்டு தீர்ப்புகள் வழிகாட்டுகின்றன. விவாகரத்து வழக்குகளில் அந்தக் கணக்கு இன்றும் போடப்படுகிறது. ஆனால் வக்கீல் வைத்து, பழைய ஸ்டேட்மென்ட் எல்லாம் தோண்டி, வாதாடிப் பெற வேண்டிய பங்கு அது.

இறப்பு வந்தால் நிலைமை இன்னும் கடினம். உயில் எழுதாமல் கணவர் இறந்தால், அவருடைய தனிச் சொத்தில் ஒரு பிள்ளை இருந்தால் மனைவிக்குப் பாதி. இரண்டு அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்குதான். பிள்ளை இல்லை, கணவரின் அப்பா அம்மா இருக்கிறார்கள் என்றால் பாதி அவர்களுக்கு. நாற்பது வயதில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நிற்கும் ஒரு பெண், தான் குடியிருக்கும் வீட்டில் மூன்றில் ஒரு பங்குக்காரியாக நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். இறந்தவரின் சொத்தை நீதிமன்றம் வழியாக வாரிசுகளுக்கு மாற்றும் இந்த நடைமுறைக்குப் பெயர் புரோபேட். அதன் செலவும் சின்னது இல்லை. வக்கீல் கட்டணத்தைச் சட்டமே நிர்ணயித்திருக்கிறது: முதல் 1 லட்சத்துக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அடுத்த 8 லட்சத்துக்கு 2. 10 லட்சம் டாலர் வீடென்றால் 23,000 டாலர். நிர்வாகம் செய்பவரும் அதே அளவு கேட்கலாம். இதில் கடனைக் கழிக்க மாட்டார்கள், வீட்டின் முழு மதிப்பின் மேல்தான் கணக்கு.

க்விட்க்ளைம், க்ராண்ட் டீட், இன்டர்ஸ்பவுஸல் டீட்: எது போடுவது?

மூன்றுமே வேலையை முடிக்கும். க்ராண்ட் டீடில் இரண்டு உறுதிமொழிகள் சட்டப்படி தானாகவே அடங்கியிருக்கின்றன: இதை நான் வேறு யாருக்கும் முன்பே கொடுத்துவிடவில்லை, நான் ஏற்படுத்திய மறைவான வில்லங்கம் எதுவும் இல்லை. தவிர, கொடுப்பவருக்குப் பின்னாளில் அந்தச் சொத்தில் கூடுதல் உரிமை வந்து சேர்ந்தால், க்ராண்ட் டீடில் அதுவும் பெறுபவருக்குப் போய்ச் சேரும்; க்விட்க்ளைமில் போகாது. இன்டர்ஸ்பவுஸல் டீட் என்பது கணவன் மனைவிக்கென்று வாசகம் அமைத்த க்ராண்ட் டீட்.

என்னைக் கேட்டால், பெயர் சேர்ப்பதற்கு க்ராண்ட் டீட் அல்லது இன்டர்ஸ்பவுஸல் டீடே மேல். டைட்டில் இன்சூரன்ஸ் இதற்கு முக்கியமான காரணம். வீடு வாங்கும்போது எடுத்த பாலிசி உங்கள் பெயரில் இருக்கிறது. உத்தரவாதம் இல்லாத பத்திரத்தால் உரிமையைக் கைமாற்றும்போது அந்தக் காப்பு எவ்வளவு தொடரும் என்பது பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. புதிதாகச் சேர்பவர் தானாக அதற்குள் வருவதில்லை. எந்தப் பத்திரம் போட்டாலும், முன்கூட்டியே டைட்டில் கம்பெனிக்கு ஒரு ஃபோன் போட்டு, துணைவரையும் காப்பில் சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட் தருவார்களா என்று கேளுங்கள்.

அந்த அரை வரி என்கிறீர்களே, அதில் என்ன எழுத வேண்டும்?

இருவர் பெயருக்குப் பின், எந்த முறையில் வைத்திருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். கலிஃபோர்னியாவில் தம்பதிகளுக்கு நான்கு வழிகள்.

டெனன்சி இன் காமன் என்று எழுதினால் ஆளுக்கொரு பங்கு. ஒருவர் இறந்தால் அவர் பங்கு அவருடைய உயிலின்படியோ வாரிசுச் சட்டப்படியோ போகும். முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்குத் தன் பங்கைக் கொடுக்க நினைப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதுண்டு. மற்றபடி தம்பதிகளுக்கு இது அபூர்வம்.

ஜாயின்ட் டெனன்சியில் ஒருவர் இறந்தால் வீடு அப்படியே மற்றவருக்கு. புரோபேட் இல்லை. இறப்புச் சான்றிதழோடு ஒரு உறுதிமொழிப் பத்திரத்தைக் கவுன்டியில் பதிந்தால் போதும். கம்யூனிட்டி ப்ராபர்ட்டி என்று மட்டும் எழுதினால் வரியில் பெரிய அனுகூலம் உண்டு, ஆனால் அந்தத் தானியங்கி மாற்றம் இல்லை. இரண்டையும் சேர்த்துத் தருவதற்காக 2001 ஜூலை முதல் நான்காவது வழி வந்தது: கம்யூனிட்டி ப்ராபர்ட்டி வித் ரைட் ஆஃப் சர்வைவர்ஷிப். இதைப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். பெறுபவர்கள் இருவரும் அதை ஏற்பதாக அதே பத்திரத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்தோ இனிஷியலோ போடச் சட்டம் இடம் தருகிறது. அதையும் செய்துவிடுவது நல்லது. தனிச் சொத்தைக் குடும்பச் சொத்தாக மாற்றுவதாக வெளிப்படையான வாசகமும் இருக்க வேண்டும். வெறும் பெயர் சேர்ப்பு அதற்குப் போதாமல் போகலாம்.

வரி வித்தியாசத்தை ஒரு கணக்கில் பாருங்கள். இருவருமே அமெரிக்கக் குடிமக்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு, ஒருவர் இறக்கும்போது 12 லட்சம் போகிறது. ஜாயின்ட் டெனன்சி என்றால், இறந்தவரின் பாதிக்கு மட்டும் அடக்கவிலை (லாபத்தைக் கணக்கிட, விற்ற விலையிலிருந்து கழிக்கும் விலை) இன்றைய மதிப்புக்கு ஏறும்: 6 லட்சம். உயிரோடு இருப்பவரின் பாதி பழைய 2 லட்சத்திலேயே நிற்கும். மொத்த அடக்கவிலை 8 லட்சம், விற்றால் 4 லட்சம் லாபம். சில வருடம் கழித்து அவர் தனியாளாக விற்கும்போது 2.5 லட்சம் வரைதான் விலக்கு, மீதி 1.5 லட்சத்துக்கு வரி. கம்யூனிட்டி ப்ராபர்ட்டி என்றால் இரண்டு பாதிகளுக்குமே அடக்கவிலை ஏறிவிடும். 12 லட்சத்துக்கு விற்றால் லாபம் பூஜ்யம். எழுத்தில் வித்தியாசம் சில வார்த்தைகள்தான்.

என் மனைவிக்கு கிரீன் கார்டுதான், குடியுரிமை இல்லை. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஆமாம். நம் மக்களில் பலர் தவறவிடும் இடம் இதுதான்.

பெறுகிற துணைவர் அமெரிக்கக் குடிமகன் அல்லது குடிமகள் என்றால் எவ்வளவு கொடுத்தாலும் கிஃப்ட் டாக்ஸ் இல்லை. பெறுபவர் குடியுரிமை இல்லாதவர் என்றால் வருடத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2025-ல் அது 190,000 டாலர். கிரீன் கார்டு இருந்தாலும் இதே வரம்புதான். கொடுப்பவருடைய குடியுரிமை இங்கே கேள்வியே இல்லை, பெறுபவருடையதைத்தான் பார்ப்பார்கள்.

வீடு 12 லட்சம், கடன் பாக்கி 8 லட்சம் என்றால் கையில் இருப்பது 4 லட்சம். அதில் பாதி 2 லட்சம். 2025-ன் வரம்பைத் தாண்டிவிட்டது. உடனே வரி கட்ட வேண்டும் என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் நிலையாக வாழ்பவருக்கு வாழ்நாள் விலக்கு மிகப் பெரியது, 2026-ல் 1.5 கோடி டாலர். ஆனால் கிஃப்ட் டாக்ஸுக்கான படிவம் 709 தாக்கல் செய்தாக வேண்டும், தாண்டிய தொகை அந்த விலக்கில் கழியும்.

இதில் ஒரு வழி இருக்கிறது. சர்வைவர்ஷிப் உள்ள ஜாயின்ட் டெனன்சியாக, கணவன் மனைவி இருவர் மட்டும் சேர்ந்து வீட்டை வைத்தால், பெயர் சேர்க்கும் அந்த நேரத்தில் அதை அன்பளிப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. பின்னாளில் விற்றோ பிரித்தோ பணத்தை, போட்ட முதலின் விகிதத்துக்கு மாறாகப் பகிரும்போதுதான் அந்தக் கேள்வி வரும். கம்யூனிட்டி ப்ராபர்ட்டியாக மாற்றுவதற்கு இந்தச் சலுகை இல்லை. ஆகவே மேலே பார்த்த கணக்கும் இதுவும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. இப்போது ஜாயின்ட் டெனன்சி, துணைவர் குடியுரிமை பெற்றபின் இன்னொரு பத்திரம் போட்டுக் கம்யூனிட்டி ப்ராபர்ட்டி என்று இரண்டு கட்டமாகப் போகலாமா என்பதை ஒரு சி.பி.ஏ.விடம் (வரிக் கணக்காளரிடம்) கேளுங்கள். அந்த ஆலோசனைக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

பெயர் சேர்த்தால் வங்கி மொத்தக் கடனையும் உடனே கட்டச் சொல்லுமா?

கடன் ஒப்பந்தத்தில் சொத்து கைமாறினால் முழுக் கடனையும் கேட்கலாம் என்று ஒரு விதி இருக்கும். ஆனால் 1982-ல் வந்த கார்ன்–செயின்ட் ஜெர்மெய்ன் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் வீட்டில் துணைவரையும் உரிமையாளராகச் சேர்ப்பதற்காக அந்த விதியை வங்கி பயன்படுத்த முடியாது. வாடகைக்கு விட்ட வீடென்றால் பத்திரம் போடுமுன் வங்கியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பத்திரம் வேறு, கடன் வேறு என்பதையும் மனதில் வையுங்கள். மனைவி பெயரைப் பத்திரத்தில் சேர்த்ததால் கடன் அவர் பெயருக்கு வராது. அதே மாதிரி, கணவர் முழு வீட்டையும் மனைவிக்கு எழுதிக் கொடுத்தாலும் கணவர் கடனிலிருந்து விடுபட மாட்டார்.

ப்ராபர்ட்டி டாக்ஸ் ஏறிவிடுமா?

ஏறாது. 1978-ன் ப்ரபோசிஷன் 13 படி வீடு கைமாறும்போதுதான் மதிப்பை இன்றைய சந்தை விலைக்கு உயர்த்துவார்கள். கணவன் மனைவிக்குள் நடக்கும் மாற்றத்துக்கு முழு விலக்கு உண்டு, அதற்குத் தனி விண்ணப்பமும் தேவையில்லை. பத்திரத்தோடு சேர்த்து பி.சி.ஓ.ஆர். என்கிற உரிமை மாற்ற அறிக்கையை நிரப்பிக் கொடுக்கும்போது துணைவருக்கிடையே நடந்த மாற்றம் என்ற கட்டத்தில் டிக் செய்தால் போதும். அந்த அறிக்கை இல்லாமல் போனால் கூடுதலாக 20 டாலர் கேட்பார்கள், பின்னால், வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அசெஸர் அலுவலகத்திலிருந்து கடிதமும் வரும்.

கவுன்டியின் ட்ரான்ஸ்ஃபர் டாக்ஸ் 1,000 டாலருக்கு 1.10. பணம் எதுவும் கைமாறாத அன்பளிப்புக்கு அதுவும் இல்லை. பத்திரத்தின் முகப்பில் விலக்குக்கான காரணத்தை எழுத வேண்டும்.

பத்திரத்தை நிரப்பும்போது எங்கே தவறுகிறார்கள்?

பத்திரத்தின் இடது மேல் மூலையில் பதிவான பின் யாருக்குத் திருப்பி அனுப்புவது என்ற முகவரி. வலது மேல் பக்கம் காலியாக இருக்கும், அது ரெக்கார்டரின் முத்திரைக்கு. அங்கே ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். அப்புறம் அசெஸர் பார்சல் எண், ட்ரான்ஸ்ஃபர் டாக்ஸ் பற்றிய வரி, கொடுப்பவர் பெயர், பெறுபவர் பெயர், சொத்து விவரம்.

மிக மோசமான தவறு, பெறுபவர் இடத்தில் மனைவி பெயரை மட்டும் எழுதுவது. "சேர்ப்பதுதானே, அவர் பெயரை எழுதினால் போதும்" என்று நினைக்கிறார்கள். அப்படி எழுதினால் முழு வீடும் மனைவிக்குப் போய்விடும், கணவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. கொடுப்பவராகக் கணவர், பெறுபவராகக் கணவரும் மனைவியும் என்று இரண்டு பெயரும் வர வேண்டும்.

சொத்து விவரம் என்பது வீட்டு முகவரி இல்லை. எந்த ட்ராக்ட், எந்த லாட், வரைபடப் புத்தகத்தின் எந்தப் பக்கம் என்று பழைய பத்திரத்தில் ஒரு பத்தி இருக்கும். காண்டோ என்றால் அது இரண்டு பக்கம்கூட நீளும். அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துப் போட வேண்டும்.

மூன்றாவது, நம் பெயர்கள். அப்பா பெயர் சில சமயம் இனிஷியல், சில சமயம் கடைசிப் பெயர், விசாவில் முதல் பெயருக்கு எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்தவர்களும் உண்டு. பழைய பத்திரத்தில் "எஸ். முத்துக்குமார்" என்று இருந்து, குடியுரிமை வாங்கும்போது பெயர் "முத்துக்குமார் செல்வராஜ்" ஆகியிருந்தால், புதிய பத்திரத்தில் இப்போதைய பெயரை எழுதி, "இன்ன பெயரில் இந்தச் சொத்தைப் பெற்றவர்" என்ற வாசகத்தோடு பழைய பெயரையும் எழுத வேண்டும். இல்லாவிட்டாலும் ரெக்கார்டர் பதிந்துகொள்வார். ஆனால் பத்து வருடம் கழித்து விற்கும்போது டைட்டில் கம்பெனி இரண்டு பேரும் ஒருவர்தானா என்று நிறுத்தி வைக்கும்.

வீடு லிவிங் ட்ரஸ்ட்டில் இருக்கிறது. அப்போதும் இதே முறையா?

இல்லை. உயிரோடு இருக்கும்போதே சொத்தை ஒரு ட்ரஸ்ட்டின் கீழ் வைப்பது லிவிங் ட்ரஸ்ட். அதில் உரிமை, ட்ரஸ்ட்டை நிர்வகிக்கும் ட்ரஸ்ட்டி என்ற முறையில் உங்களிடம் இருக்கிறது. தனி மனிதராக நீங்கள் எழுதும் க்விட்க்ளைம் எதையும் மாற்றாமல் போகக்கூடும், குழப்பம் மட்டும் மிஞ்சும். ட்ரஸ்ட் எழுதிய வக்கீலிடம் போங்கள். பெரும்பாலும் ட்ரஸ்ட் ஆவணத்தைத் திருத்தினாலே போதுமாக இருக்கும்.

யார் கையெழுத்துப் போட வேண்டும்? சாட்சி வேண்டுமா? எங்கே பதிவது?

கொடுப்பவர் கையெழுத்துப் போட்டு நோட்டரி முன் அத்தாட்சி பெற வேண்டும். கலிஃபோர்னியாவில் சாட்சி தேவையில்லை. நோட்டரி ஒரு கையெழுத்துக்கு அதிகபட்சம் 15 டாலர் வாங்கலாம், வீட்டுக்கு வந்தால் பயணச் செலவு தனி. சொத்துப் பத்திரம் என்பதால் நோட்டரியின் பதிவேட்டில் உங்கள் வலது கட்டைவிரல் ரேகையையும் வைக்கச் சொல்வார்; நம்மூர் சார்பதிவாளர் அலுவலகம் போய் வந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

பதிவு, வீடு இருக்கும் கவுன்டியில்: ஃப்ரீமான்ட் என்றால் அலமீடா கவுன்டிக்காக ஓக்லண்டில், சன்னிவேல் என்றால் சான்டா கிளாரா கவுன்டிக்காக சான் ஹோசேயில். தபாலிலும் அனுப்பலாம். அடிப்படைக் கட்டணம் கவுன்டிக்குக் கவுன்டி மாறும். அதோடு 2018 முதல் ஒரு பத்திரத்துக்கு 75 டாலர் வீட்டு வசதி நிதிக் கட்டணம் சேர்ந்திருக்கிறது. வீட்டில் குடியிருக்கும் உரிமையாளருக்கே மாறுகிறது என்றால் அதற்கு விலக்கு உண்டு, ஆனால் விலக்கைப் பத்திரத்தின் முகப்பில் நீங்களே எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும்.

ரெக்கார்டர் அலுவலகம் வடிவத்தைப் பார்க்குமே தவிர, நீங்கள் எழுதியது உங்கள் குடும்பத்துக்குச் சரியா என்று பார்க்காது. முத்திரை விழுந்துவிட்டது, அதனால் எல்லாம் சரி என்று எண்ண வேண்டாம்.

கொடுக்க வேண்டியவர் இப்போது இந்தியாவில் இருக்கிறார்.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கிக்கொண்டு போனால் அங்கேயே நோட்டரி அத்தாட்சி கிடைக்கும், ஒரு முத்திரைக்கு 50 டாலர். அல்லது உள்ளூர் நோட்டரியிடம் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) வாங்கலாம். பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்து இங்கே இருப்பவரே முடிக்க நினைத்தால், அந்தப் பவரில் அன்பளிப்பு செய்யும் அதிகாரம் குறிப்பாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பொதுவான பவர் போதாது.

அப்பா தன் வீட்டை மகனுக்கும் மருமகளுக்கும் சேர்த்து எழுதித் தரலாமா?

தரலாம், ஆனால் இது முற்றிலும் வேறு கணக்கு. கணவன் மனைவிக்குள் கிடைக்கும் வரி விலக்கு இங்கே இல்லை. 2021 பிப்ரவரி 16 முதல் அமலில் இருக்கும் ப்ரபோசிஷன் 19 படி, அப்பா குடியிருந்த வீடாக இருந்து, பெறுபவர் ஒரு வருடத்துக்குள் அதையே தன் குடியிருப்பாக்கி விண்ணப்பித்தால்தான் பழைய வரி மதிப்பு தொடரும். அதற்கும் மேல்வரம்பு உண்டு: பழைய மதிப்போடு 10 லட்சம் டாலரும், அவ்வப்போது ஏற்றப்படும் சிறு தொகையும். மருமகளும் இதில் பிள்ளையாகவே கருதப்படுவார்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே கொடுத்தால் அவர் வாங்கிய பழைய விலையே உங்கள் அடக்கவிலையாக வரும். அவருக்குப் பின் வாரிசாகப் பெற்றால் அன்றைய மதிப்பு வரும். நாற்பது வருடத்துக்கு முன் வாங்கிய வீடென்றால் இந்த வித்தியாசம் மலைப்பாக இருக்கும். அதோடு, இருவர் பெயரில் எழுதினால் அதில் பாதி மருமகளுடையது, என்றைக்கும். அன்போடு செய்கிற காரியம்தான். இருந்தாலும் அப்பா தனக்கென்று ஒரு வக்கீலைத் தனியாகப் பார்த்து, தன் முதுமைக்கு வேறு இடம் இருக்கிறதா என்று யோசித்தபின் எழுதுவதே முறை.

பின்னாளில் பிரிவு வந்தால்? கடன் தொல்லை வந்தால்?

இருவர் பெயரில் இருக்கும் வீட்டை விவாகரத்தில் குடும்பச் சொத்து என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தன் தனிப் பணத்தில் முன்பணம் போட்டவர், எழுத்தில் விட்டுக்கொடுக்காதவரை, அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் வட்டி இல்லை, வீட்டு விலை ஏறியதில் தனிப்பங்கும் இல்லை. கொடுத்த பத்திரத்தை ஒருவராக ரத்து செய்ய முடியாது. திரும்ப வாங்க மற்றவரின் கையெழுத்து வேண்டும்.

குடும்பச் சொத்து, இருவரில் யார் பட்ட கடனுக்கும் பொறுப்பாகும். துணைவர் சொந்தத் தொழில் செய்கிறார், வழக்கு ஆபத்து இருக்கிறது என்றால் முதலில் இதைப் பேசுங்கள்.

அப்புறம், ஒருவரை ஒருவர் நெருக்கி எழுதி வாங்குவது. கணவன் மனைவிக்குள் நடக்கும் கைமாற்றத்தில் ஒருவருக்கு மட்டும் நியாயமற்ற லாபம் என்றால், அது நிர்ப்பந்தத்தில் நடந்தது என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது லாபம் பெற்றவரின் பொறுப்பு. 1995-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் மனைவி எழுதிக் கொடுத்த ஒரு க்விட்க்ளைமை வைத்தே இதை உறுதிப்படுத்தியது. கோபத்தில், சண்டை நடுவில், "கையெழுத்துப் போடு" என்று நீட்டப்படும் பத்திரத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

நாங்கள் டெக்சஸில், நியூ ஜெர்சியில் இருக்கிறோம். இது எங்களுக்கும் பொருந்துமா?

வங்கி விதியும் கிஃப்ட் டாக்ஸும் மத்தியச் சட்டம், எல்லாருக்கும் பொருந்தும். மற்றவை மாறும். டெக்சஸும் கம்யூனிட்டி ப்ராபர்ட்டி மாநிலம்தான், ஆனால் அங்கே டைட்டில் கம்பெனிகள் க்விட்க்ளைமைச் சந்தேகத்தோடு பார்க்கும். கொடுப்பவர் தன் காலத்து வில்லங்கத்துக்கு உத்தரவாதம் தரும் ஸ்பெஷல் வாரண்டி டீட் போடுவதே பாதுகாப்பு. நியூ ஜெர்சியில் தம்பதிகளுக்கென்றே டெனன்சி பை தி என்டைரட்டி என்ற முறை இருக்கிறது: ஒருவர் இறந்தால் மற்றவருக்கு முழுதும், ஒருவர் மட்டும் தன் பாதியை விற்க முடியாது. மாசசூசெட்ஸில் க்விட்க்ளைம் டீட் என்ற பெயரில் இருப்பதில் கொடுப்பவரின் குறைந்தபட்ச உத்தரவாதம் உண்டு, அங்கே வீடு வாங்கும்போதே அதைத்தான் தருவார்கள். ஃப்ளோரிடாவில் இரண்டு சாட்சிகள் வேண்டும். வேறு மாநிலப் படிவத்தை இறக்கி நிரப்புவது வேண்டாம்.

வக்கீல் கட்டாயம் வேண்டுமா?

சட்டப்படி வேண்டாம். இருவரும் குடிமக்கள், முதல் திருமணம், குடியிருக்கும் ஒரே வீடு, ட்ரஸ்ட் இல்லை என்றால் கவனமாகப் படிக்கத் தெரிந்தவர் தானே செய்யலாம். குடியுரிமை இல்லாத துணைவர், முன் திருமணத்துப் பிள்ளைகள், வாடகை வீடு, இந்தியாவில் இருக்கும் பெற்றோர் போட்ட முன்பணம், இதில் ஒன்று இருந்தாலும் ஒரு மணி நேரம் வக்கீலிடம் உட்காருங்கள்.

பதிவு முடிந்தது. இன்னும் ஏதாவது வேலை இருக்கிறதா?

வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லித் துணைவர் பெயரை பாலிசியில் சேருங்கள். வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அவர்களுக்கும் ஒரு மின்னஞ்சல். அசல் பத்திரம் சில வாரங்களில் தபாலில் வரும்.

அதற்கு முன்பே இன்னொரு கடிதம் வரலாம். அரசு அலுவலகத்திலிருந்து வந்தது போன்ற உறை, பார்சல் எண்ணும் பதிவு தேதியும் சரியாக அச்சிட்டு, "உங்கள் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு இந்தத் தொகையை இந்தத் தேதிக்குள் அனுப்பவும்" என்று இருக்கும். அது கவுன்டியிலிருந்து வந்ததில்லை. பொதுப் பதிவேட்டைப் பார்த்து தனியார் அனுப்புவது. சின்ன எழுத்தில் அதையும் எங்காவது போட்டிருப்பார்கள். பணம் அனுப்ப வேண்டாம். நகல் தேவைப்பட்டால் கவுன்டி அலுவலகத்திலேயே சில டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம்.